ஞாயிற்றுக்கிழமை பார்த்து வாங்கிய மலையடிவார வீடு

மலையடிவாரத்தில் அமைதியான ஒரு கிராமத்தில் நான் வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடத்திலேயே வீட்டு விலையில் கால் பங்குக்குச் சமமான பணம், நான் எதிர்பார்க்காத வேலைகளுக்குப் போய்விட்டது. பணத்தைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டேன். தூக்கம் இல்லாமல், யாரிடம் கேட்பது என்று தெரியாமல், தனியாக அல்லாடிய அந்த நாட்கள்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வாங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்து, "இதைப் பார்த்தாயா, அதைக் கேட்டாயா?" என்று விசாரித்திருந்தால் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம். அப்படி விசாரிக்க எனக்கு ஆள் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது இப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அதற்கு முன் 12 வருடம் நான் இருந்தது ஒரு பெரிய சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில். அம்மாவின் கடைசி இரண்டு வருடமும் அங்கேதான். இரவெல்லாம் வண்டிச் சத்தம். அவர் கொஞ்சம் கண் அயரும்போது ஒரு லாரி உறுமிக்கொண்டு போகும், விழித்துவிடுவார். அவர் போன பிறகு அந்தச் சத்தத்தை என்னால் தாங்கவே முடியவில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் மலைப்பக்கமாக எங்காவது போய்விடலாம் என்று தேட ஆரம்பித்தேன். இந்த வீட்டைப் பார்க்கப் போனது மழைக்காலம் முடிந்த சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு. பின்வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரிந்தது. கொல்லைக்கு அப்பால் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றுமே காதில் விழவில்லை. இருபது நிமிடத்துக்குள் மனதுக்குள் வாங்கிவிட்டேன். அதே வாரத்தில் முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

அலட்சியமாக வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். கூரை ஒழுகுகிறதா, மின்கம்பிகள் பழையவையா, நிலைக்கதவில் கரையான் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தேன். பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா, வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு என்னை வாட்டிய ஒவ்வொன்றும் வேலிக்கு வெளியே இருந்தது, அல்லது மண்ணுக்குக் கீழே இருந்தது, அல்லது நான் போய்ப் பார்க்காத பருவத்தில் இருந்தது. சமவெளியில் ஒரு மனை வாங்கும்போது எல்லைக்கல்லோடு நம் பார்வை நின்றுவிட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. மலையடிவாரத்தில் அப்படி இல்லை. மேலே பெய்கிற மழையும் அது இழுத்து வருகிற மண்ணும் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் கீழே போகும். கீழே பற்றுகிற தீ மேலே ஏறும்போதும் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். அப்போது எனக்கு இது உறைக்கவில்லை.

பணத்தைத் தின்ற முதல் அடி பாதையில் விழுந்தது. தார்ச்சாலையிலிருந்து வீட்டுக்கு 180 மீட்டர் மண்பாதை. குடிவந்த மூன்றாவது வாரம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அந்தப் பாதையின் குறுக்கே இரண்டு கம்பம் நட்டு ஒரு கேட் போட்டிருந்தார்கள். நடந்து போகலாம், வண்டி போகக் கூடாது என்றார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பாதை கீழே இருக்கும் குடும்பத்தின் சொந்த நிலத்தில் ஓடுகிறது. அந்த வீட்டுப் பெரியவரும் எனக்கு விற்றவரும் பல வருட நண்பர்கள், வாய்ப்பேச்சிலேயே எல்லாம் நடந்திருக்கிறது. பெரியவர் இறந்து, மகன்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவனுக்கு எதற்கு வழி விட வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை, அது அவர்கள் நிலம். ஆனால் அன்றைக்கு அந்த நியாயமெல்லாம் என் மனதில் ஏறவில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, நெஞ்சு படபடக்க, இனி இந்த வீட்டை யார் வாங்குவார்கள், நான் எப்படி வெளியே போவேன் என்றுதான் யோசித்தேன்.

என் பத்திரத்தில் எல்லை சொல்லும் இடத்தில் "வடக்கே பாதை" என்று இருந்தது. அது யாருடைய பாதை, அதில் போக எனக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. வழக்கறிஞர் வீட்டின் உரிமையைப் பார்த்தார், பாதையின் உரிமையைப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஏழு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. சர்வேயரை வைத்து அளந்து, 4 மீட்டர் அகலத்துக்குப் பாதை உரிமையை எழுதிப் பதிவு செய்து முடிக்கும்போது வீட்டு விலையில் 5 சதவீதம் போயிருந்தது. நீங்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்: பொதுச் சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை, நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒவ்வொரு அடியும் யார் நிலம் என்று கேளுங்கள். தனியார் நிலம் என்றால், போக வர உரிமை எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதுவும் விற்றவருக்கு மட்டும் கொடுத்த அனுமதியாக இருந்தால் போதாது. நாளைக்கு வீடு யார் கைக்குப் போனாலும் கூடவே போகிற உரிமையாக இருக்க வேண்டும். மழையில் பாதை அரித்தால் சரிசெய்யும் செலவு யாருடையது, குழாயும் மின்கம்பியும் அதன் வழியே கொண்டுபோகலாமா என்பதையும் அதே ஆவணத்தில் எழுதிவிடுங்கள். ஒரு முறை பாரம் ஏற்றிய லாரியை அந்த ஏற்றத்தில் ஏறச் சொல்லிப் பாருங்கள். லாரி ஏறாத இடத்துக்குத் தீயணைப்பு வண்டியும் வராது.

பாதைப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, ஐந்தாவது மாதம், கிணறு வற்றியது. காலையில் குழாயைத் திறந்தால் புஸ் என்று காற்று மட்டும் வந்தது. ஓடைப்பக்கம் போய்ப் பார்த்தேன், வெறும் கல். நான் பார்த்து மயங்கிய ஓடை மழைக்குப் பிறகு மூன்று மாதம் மட்டும் ஓடுகிற ஓடை. விற்றவரை அழைத்தேன், "கோடையில் கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார். அந்தக் "கொஞ்சம்" எனக்கு நான்கு மாதம். டேங்கரில் தண்ணீர் வாங்கலாம் என்றால் கேட் பூட்டியிருக்கிறது. சாலையிலிருந்து குடத்தில் சுமந்தேன். குளிக்க, துணி துவைக்க என்று ஒவ்வொரு குடத்தையும் கணக்குப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் எடை என் தோளில் புரிந்தது.

ஆழ்துளைக் கிணறு போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். முதல் துளை 120 மீட்டர் போயும் வெறும் தூசி. பக்கத்து வீட்டில் 40 மீட்டர் தள்ளி நல்ல தண்ணீர் இருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு ஒரு நிலவியலாளர் விளக்கினார். கெட்டிப் பாறைப் பகுதியில் தண்ணீர் ஏரி மாதிரிப் பரந்து கிடக்காது, பாறையின் வெடிப்புகளுக்குள்தான் இருக்கும். பக்கத்து வீட்டுத் துளை ஒரு வெடிப்பைத் தொட்டிருக்கிறது, என்னுடையது தொடவில்லை. முதல் துளை போடும் முன்பே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவர் காட்டிய இடத்தில் இரண்டாவது துளை போட்டோம், 90 மீட்டரில் தண்ணீர் கிடைத்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர்தான். கேட்டதும் இதற்கா இவ்வளவு செலவு என்று கண் கலங்கிவிட்டது. அவரே காகிதத்தில் போட்டுக் காட்டினார்: நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 24 மணி நேரத்துக்கு 7,200 லிட்டர். முழு நாளும் இறைக்க முடியாவிட்டாலும், அதில் பாதி கிடைத்தால்கூட ஒரு வீட்டுக்கு ஏராளம். சேர்த்து வைக்கப் பெரிய தொட்டி இருந்தால் போதும். 5,000 லிட்டர் தொட்டி வைத்தேன். கூரைத் தண்ணீரையும் அதில் திருப்பிவிட்டேன். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் வரும், கொஞ்சம் சேதாரம் போகும். எல்லாம் சேர்த்து வீட்டு விலையில் 7 சதவீதம்.

ஆகவே மலையடிவாரக் கிணற்றைக் கோடையின் கடைசியில் பாருங்கள். நீங்கள் பார்க்கும் நேரம் மழைக்காலம் என்றால், போன கோடையில் எந்த மாதம் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நின்றது என்று விற்பவரிடம் மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்திலும் கேளுங்கள். பம்ப்பைப் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. துளைக்குள் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர்தான் அப்போது வரும். பல மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பிறகு பழைய மட்டத்துக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். கருவி ஒன்றும் வேண்டாம், 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பார்த்தாலே தண்ணீரின் வேகம் தெரிந்துவிடும். தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கிருமி, நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்சனிக், இரும்பு எல்லாம் பார்த்துவிடுங்கள். தெளிவாக இருப்பதாலேயே நல்ல தண்ணீர் என்று நம்ப வேண்டாம். செப்டிக் டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்றும் கேளுங்கள். கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் இடத்துக்கும் 30 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சரிவில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உங்களுக்கு மேலே இருக்கும் வீட்டின் செப்டிக் டேங்க்.

அப்புறம் மழை வந்தது. இதைத்தான் நான் எழுதவே தயங்கினேன். சரிவான நிலத்தில் வீடு கட்டும்போது மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமன்செய்வார்கள். என் வீட்டில் மேல்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் நிற்கிறது, கீழ்ப்பாதி கொட்டிய மண்ணில் நிற்கிறது. கொட்டிய மண்ணை அடுக்கடுக்காக இறுக்கியிருக்கவில்லை என்றால் மழை நனைக்க நனைக்க அது அமுங்கும். வாங்கும்போதே கீழ்ப்பக்க அறைச் சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறிப்போகும் ஒரு வெடிப்பு இருந்தது. புதிதாகப் பூசி வண்ணம் அடித்திருந்ததால் மெல்லிய கோடாகத் தெரிந்தது, பழைய வீடு என்றால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அந்த மழைக்காலத்தின் முடிவில் அதற்குள் ஒரு பென்சில் நுழைந்தது.

மேல்பக்கம் வெட்டிய மண்ணைத் தாங்க ஒரு சுவர் இருந்தது. அதன் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்ததை முதல் நாளே பார்த்திருக்கிறேன், அது எனக்கு எதையும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் தொடர்மழையில், இரவு இரண்டரை மணிக்குப் பின்பக்கம் மூட்டை சரிந்த மாதிரி ஒரு சத்தம். மின்சாரம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் மூன்று மீட்டர் அளவுக்கு இடிந்து, சேறு சமையலறைக் கதவு வரை வந்து நின்றிருந்தது. கதவுக்கு அடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. முன்வாசல் திண்ணையில் உட்கார்ந்து, மேலே இருக்கும் மலையை, அது கண்ணுக்குத் தெரியாத இருட்டில், பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. விடிவதற்குள் கீழ்வீட்டு மகன்கள் இரண்டு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். கேட் போட்ட அதே மகன்கள். தண்ணீர் வீட்டை விட்டு விலகிப் போக வாய்க்கால் வெட்டிவிட்டு, என்னைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பாதை விஷயம் அதற்குப் பிறகுதான் சுமுகமாக முடிந்தது.

பின்னால் வந்த மண் பொறியாளர் சொன்னதை நான் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஈரமண் ஒரு கன மீட்டர் கிட்டத்தட்ட 2 டன் எடை. தாங்குசுவரில் தண்ணீர் வடியத் துளைகள் இல்லாவிட்டால் மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். என் சுவரில் துளைகளே இல்லை. இப்போது புதுச் சுவரில் துளைகள் இருக்கின்றன, அதன் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்கிறது, வெட்டுக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் ஓடி மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. இதற்கும் கீழ்ப்பக்க அறையின் அடித்தளத்தை வலுப்படுத்தவும் 11 சதவீதம் ஆனது. வாங்குமுன் ஒரு மண் பொறியாளரை ஒரு நாள் கூட்டிப்போக ஆகும் செலவு இதில் சின்னத் துளி. அவர் வருவதற்கு முன்னால் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு: அடிமரம் வளைந்து பிறகு நிமிர்ந்து வளர்ந்த மரங்கள், ஒரே பக்கம் சாய்ந்த கம்பங்களும் வேலியும், தரையில் வில் மாதிரி வளைந்து ஓடும் வெடிப்பு, மூடத் திணறும் கதவு ஜன்னல், திடீரென்று ஈரம் கசியும் புது இடம். குடிவந்த பிறகு பெருமழையில் ஓடையின் நீர் சட்டென்று கலங்கினாலோ, மழை விடாதபோதே ஓடை சுண்டினாலோ, மேலே எங்கோ மண் அடைத்திருக்கலாம். பொருளை எடுக்க நிற்காமல் ஓடையிலிருந்து விலகி, பக்கவாட்டில் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

வீடு நல்லதாக இருந்தாலும் அது நிற்கும் இடம் எப்படி உருவானது என்று கேட்க வேண்டும். மலை இடுக்கிலிருந்து ஓடை சமவெளியில் இறங்கும் இடத்தில், விசிறி விரித்த மாதிரி ஒரு மேடு இருக்கும். பார்க்க அழகாக, வீடு கட்டவே செய்து வைத்த மாதிரி இருக்கும். அது ஓடை பல காலமாகக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும். ஓடை மறுபடியும் அங்கே கொட்டக்கூடும். 1999 டிசம்பரில் வெனிசுவேலாவின் வார்காஸ் கடலோரத்தில், மலையடிவார விசிறி மேடுகளில் கட்டிய ஊர்கள் மேல் கல்லும் சேறும் இறங்கி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களைக் கொண்டுபோன மண் புறப்பட்டது ஊருக்குள் இருந்து இல்லை, வெகு தூரம் மேலே இருந்து. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கொல்லையில் வீட்டைவிடப் பெரிய தனிப் பாறைகள் கிடந்தால், அவை அங்கே எப்படி வந்தன என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

தீயைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே காப்பீடு எடுக்கப் போனபோதுதான். முகவர் வீட்டின் படத்தைப் பார்த்தார், பின்னால் ஏறும் புல் சரிவைப் பார்த்தார், சாதாரணத்தைவிட மூன்று மடங்கு தொகை சொன்னார். இன்னொரு நிறுவனம் முடியவே முடியாது என்றது. வாங்கிய பிறகு கேட்டால் என்ன செய்ய முடியும்? முன்பணத்துக்கு முன்னால் ஒரு முறை விசாரித்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன். சரிவு 10 டிகிரி கூடக்கூடத் தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினர் வைத்திருக்கும் கணக்கு. வீடுகள் பெரும்பாலும் நேரடித் தீச்சுவாலையால் பற்றுவதில்லை, காற்றில் பறந்து வரும் தணல்கள் காய்ந்த சருகில் விழுந்துதான் பற்றும். அதனால் சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர் வரை எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகு அடுக்கு, சருகு, தென்னோலை, பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றையும் விலக்கிவிடுங்கள். முடிந்தால் 30 மீட்டர் வரை புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். வெளியேற எத்தனை வழி இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். 2018 நவம்பர் 8-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்து ஊரான பாரடைஸ் எரிந்தபோது, ஊரை விட்டுப் போக இருந்த ஒருசில சாலைகளும் வண்டிகளால் அடைத்துக்கொண்டன. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். எரிந்த மலையில் அடுத்த மழை பெய்யும்போது மண் நீரைச் சரியாக உறிஞ்சாது, சேறாக இறங்கக்கூடும். அதே ஆண்டு ஜனவரியில் கலிஃபோர்னியாவின் இன்னொரு மலையடிவார ஊரான மான்டெசிட்டோவில் 23 பேர் இறந்தது அப்படித்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குடிவந்த மறுநாள், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மலையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கரகர சத்தம் கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்குவாரி, கூடவே கல் உடைக்கும் இயந்திரம். மதியம் வெடி வைத்தார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. நான் என்ன சத்தத்திலிருந்து தப்பித்து வந்தேனோ அது இங்கேயும் என்னைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அழுகையே வந்துவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு தீர்வு கிடைத்தது, இதற்கு மட்டும் கிடைக்கவில்லை. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டேன், வேலை அறையை முன்பக்கம் மாற்றிக்கொண்டேன். வார நாள் ஒன்றில் பார்க்கப் போயிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்திருக்கும். மலைச்சாரலில் ஒலி எப்படி நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிக் கீழே தேங்கும், அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடியது போல நிற்கும், தூரத்துச் சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். பகலில் கேட்காத சாலை இரவில் கேட்பது அதனால்தான். வெயிலையும் பாருங்கள். என் வீட்டுக்கு மேற்கே மலை. குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே வெயில் மறைந்துவிடும், அலமாரிக்குள் துணி பூஞ்சை பிடிக்கும்.

மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டரில் கேட்காதீர்கள். இரவில் மழையில் எத்தனை நிமிடம் என்று நீங்களே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். போன் சிக்னலை வீட்டின் ஒவ்வொரு அறையிலும் பாருங்கள். வாசலில் வருவது படுக்கையறையில் வராது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், இணைய இணைப்பு அந்த முகவரிக்கே கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பக்கத்து ஊருக்கு இருக்கிறது என்ற பதில் எனக்கு இரண்டு மாதச் சம்பளத்தைத் தின்றது.

கிணறு வற்றியதும், சுவர் சாய்ந்ததும், குவாரியும் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுவர் இடிந்த மறுநாள் மேல்வீட்டுப் பெரியவர் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். இந்தச் சுவர் ஏற்கெனவே ஒரு முறை சரிந்து மறுபடி கட்டியது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்போதே சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கலையே தம்பி. காரில வந்தீங்க, காரில போயிட்டீங்க. விக்கிறவரும் எங்க ஆளு, நாங்களா வந்து எப்படிச் சொல்றது?" என்றார். அது உண்மைதான். அமைதியை வாங்க வந்தவன், அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதையே நினைக்கவில்லை. நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, எப்போது தண்ணீர் நிற்கும், மழையில் எது இடிந்தது, இந்த வீட்டை ஏன் விற்கிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் போதும். தானாக வந்து சொல்லத் தயங்குகிறவர்கள், நேராகக் கேட்டால் பொய் சொல்வதில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு முன்பணம் கொடுத்ததுமே திரும்பிப் போக வழி இல்லாமல் போய்விட்டது. ஒப்பந்தத்திலேயே, தண்ணீர்ச் சோதனை, மண் பொறியாளரின் அறிக்கை, பாதை உரிமை, காப்பீடு இந்த நான்கும் திருப்தியாக இல்லை என்றால் முன்பணம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத விற்பனையாளர் உங்களுக்கு ஒரு தகவலைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அதே ஊரில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பாருங்கள். நான் இழந்த பணத்தில் பல வருட வாடகை கொடுத்திருக்கலாம். கையில் இருக்கும் தொகை முழுவதையும் வீட்டுக்கே கொடுத்துவிடாமல், விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் இரண்டு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். என்னிடம் அது இல்லாததால்தான், சுவரைக் கட்டக் கடன் வாங்கினேன்.

வீட்டை விற்கவில்லை. மாலையில் குவாரி நின்ற பிறகு, பின்வாசலில் உட்கார்ந்தால் நான் தேடி வந்த அமைதி கிடைக்கத்தான் செய்கிறது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் பாடம் கேட்க வருகிறார்கள். பெரியவரோடு சேர்ந்து ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் வாய்க்காலைத் தூர்வாருகிறேன்.

போன மாதம் பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தது. ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. அந்தப் பெண் கொல்லையில் நின்று மலையைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொண்டதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். கூப்பிட்டு, உள்ளே உட்கார வைத்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு முறை வந்து பாருங்கள் என்றேன். செவ்வாய்க்கிழமை வந்தார்கள். வெடிச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. அவர்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், மலையின் வளைவு குவாரியை மறைக்கிற இடத்தில், ஒரு வீட்டை ஒரு வருட வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வரும் கோடையில் அந்த வீட்டுக் கிணற்றை நான்தான் வாளியும் கடிகாரமுமாகப் போய்ச் சோதித்துத் தரப்போகிறேன்.